நர்ஸுகளுக்கு ஜெர்மன் சொல்லித் தரும் மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

சென்னை, கோவை, திருச்சி, நாகர்கோவில் என்று ஊருக்கு ஊர் ஜெர்மன் பயிற்சி மையம் வந்துவிட்டது. நர்ஸிங் முடித்த பிள்ளைகளை நம்பித்தான் பல மையங்கள் நடக்கின்றன. அப்படி மையம் நடத்தும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். நானும் இதே தொழிலில் இருப்பவள். வாடகை, பேட்ச், டெமோ வகுப்பு என்று நீங்கள் படும் பாடு தெரியும் என்பதால் பெரிதாக எதுவும் கேட்கப் போவதில்லை. உங்கள் ஆசிரியர்கள் சொந்தமாகப் பாட்காஸ்ட், அதாவது போனில் கேட்கும் சின்னச் சின்ன ஒலிப்பதிவுகள், தயாரிக்க வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த நேரத்துக்குச் சம்பளமும் கொடுங்கள்.

கேட்டல் பயிற்சி இப்போது எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு மையத்தில், சேர்ந்த அன்றே ஒரு பென் டிரைவைக் கையில் கொடுத்தார்கள். உள்ளே இருந்ததெல்லாம் பழைய மாதிரித் தேர்வுகளின் ஆடியோ. "ரெண்டு தடவை போடுங்க மேடம், ஆன்சரைச் சொல்லிடுங்க, அடுத்ததுக்குப் போயிடுங்க" என்றார்கள். கொஞ்ச நாளில் பிள்ளைகளுக்கு விடைகள் மனப்பாடம் ஆகிவிட்டன. காது மட்டும் சேர்ந்த அன்று இருந்த மாதிரியே இருந்தது.

ஜெர்மன் அறிவை ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக அளப்பார்கள். கதே நிறுவனம் நடத்தும் பி1 தேர்வில் கேட்டல் பகுதி 40 நிமிடம், நான்கு பாகம். முதல் பாகமும் கடைசிப் பாகமும் இரண்டு முறை ஒலிக்கும். நடுவில் இருக்கும் இரண்டும் ஒரே முறைதான். என் மாணவிகள் பெரும்பாலும் வழுக்குவது அந்த நடுவில்தான். பி1 வாங்கினாலும் ஓய முடியாது, நர்ஸாக அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 கேட்கிறார்கள். அதையும் முடித்துப் போனால் வார்டு காத்திருக்கிறது.

ஷிஃப்ட் மாறும் ஹேண்டோவரில் ஒருவர் ரத்த அழுத்தம் 135-க்கு 85 என்கிறார் என்று வையுங்கள். ஜெர்மனில் ஐந்து முதலில் வரும், முப்பது பின்னால் வரும். ஹுண்டர்ட் ஃப்யூன்ஃப் உன்ட் ட்ரைசிஷ், அதாவது நூறு, ஐந்து, முப்பது. காதில் விழுந்த வரிசையிலேயே எழுதினால் 153 ஆகிவிடும். போர்டில் கேட்டால் ஏ1 மாணவிகூடச் சரியாக எழுதிவிடுவாள். ஓடுகிற பேச்சில், ஒரு எண்ணை எழுதி முடிப்பதற்குள் நாடித்துடிப்பும் சர்க்கரை அளவும் அடுத்தடுத்து வந்து விழும்போதுதான் பேனா நின்றுவிடுகிறது. இன்னொரு முறை விதியை விளக்கி இதைச் சரிசெய்ய முடியாது. தினமும் நாலு நிமிடம், எண்களாகவே வரும் பேச்சை ஒரு மாதம் கேட்டால் சரியாகும். அப்படி ஒரு பதிவு எந்தப் பாடப்புத்தகத்தோடும் வந்து நான் பார்த்ததில்லை. நாமே செய்தால்தான் உண்டு.

"இணையத்தில்தான் கொட்டிக் கிடக்கிறதே" என்பீர்கள். நியாயம்தான். ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்ல நிதானமாக வாசித்துத் தரும் செய்திகள் அருமையானவை. எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கும், ஆனால் அவை பி2 அளவில் இருப்பவர்களுக்கு. தொடக்க நிலைக்கு அவர்களும் கதே நிறுவனமும் சேர்ந்து செய்த 'ரேடியோ டே' இருக்கிறது, மொத்தம் 52 பகுதிகள். 2007-லிருந்து வரும் 'ஸ்லோ ஜெர்மன்' பாட்காஸ்ட் இருக்கிறது. எல்லாவற்றையும் கேட்கச் சொல்லுங்கள். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் லிங்க்கைத் தட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். இரவு டியூட்டி முடித்துப் பஸ்ஸில் தூங்கி வழியும் பெண் அதைத் திறக்க மாட்டாள். நேற்று வகுப்பில் பார்த்த சொற்களோடு, தனக்குத் தெரிந்த டீச்சரின் குரல் வந்தால் திறப்பாள்.

அப்புறம், இதையெல்லாம் தயாரிப்பவர்களுக்கு நம் காதைத் தெரியாது. குறில் நெடிலில் வளர்ந்த நமக்கு 'ஷ்டட்' (நகரம்), 'ஷ்டாட்' (அரசு) வேறுபாடு சட்டென்று பிடிபடும், அதற்குப் பயிற்சியே வேண்டாம். ஆனால் ரொட்டி சுடுவதற்கான சொல்லும் பெட்டி கட்டுவதற்கான சொல்லும் முதல் ஒலியில் மட்டுமே வேறுபடுகின்றன, நாம் இரண்டையும் 'பக்கன்' என்றே எழுதிவைக்கிறோம். இந்த ஒலிக்கு மட்டும் பாட்காஸ்ட்டில் மூன்று பகுதி வேண்டும் என்பது நம் ஊர் ஆசிரியருக்குத்தான் தெரியும்.

பதிவு செய்வதில் பெரிய கஷ்டம் இல்லை. போன் போதும். ஃபேனை நிறுத்திவிட்டு, துணி அடைத்த பீரோவைத் திறந்து வைத்து அதன் முன்னால் உட்கார்ந்து பேசினால் எதிரொலி அடங்கும். வெட்டி ஒட்ட ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். மோனோவில் 64 கேபிபிஎஸ் வைத்தால் ஐந்து நிமிடப் பதிவு 2.4 எம்பிதான் வரும், யாருடைய டேட்டாவும் தீராது.

என்ன பேசுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். போர்டில் நடத்தும் பாடத்தை மைக் முன்னால் ஒப்பித்தால் யார் கேட்பார்கள்? வேற்றுமை உருபு அட்டவணையைக் காதால் கேட்டு ஒருவர் கற்றதாகச் சரித்திரம் இல்லை. ஒரு ஆசிரியரும் ஒரு மாணவியும் உட்கார்ந்து பேசட்டும். ஸ்காட்லாந்திலிருந்து 2006-ல் தொடங்கிய 'காஃபி பிரேக் ஸ்பானிஷ்' பாட்காஸ்ட் இப்படித்தான். மார்க் சொல்லித் தருவார், காரா கற்றுக்கொள்வார், கேட்கிறவர் காராவோடு சேர்ந்துகொள்வார். மாணவி திணறும் இடத்தை வெட்டி எறியாதீர்கள். கேட்கிறவளுக்கு 'நாம் மட்டும் இல்லை' என்று தெம்பு வருவது அங்கேதான். ஏ1-ல் விளக்கம் தமிழிலேயே இருக்கட்டும். 'இங்கே ஜெர்மன் மட்டும்' என்று வகுப்புச் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் பஸ்ஸில் செல்லாது.

இன்னொன்று, இடைவெளி விடுங்கள். நோயாளி பாதி முழுங்கிப் பேசுகிற மாதிரி ஒரு வாக்கியம், பிறகு ஐந்து விநாடி மௌனம். அதற்குள் கேட்கிறவள் 'திரும்பச் சொல்ல முடியுமா' என்று ஜெர்மனில் வாய்விட்டுக் கேட்க வேண்டும். தேர்வில் இதற்கு இடமே இல்லை. வார்டில் இதைக் கேட்காமல் தலையாட்டினால்தான் ஆபத்து.

மறுநாள் வகுப்பில் "கேட்டீங்களா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். வெற்று ஹேண்டோவர் தாளைக் கொடுத்து, அதே பதிவை ஒரு முறை ஓடவிட்டு நிரப்பச் சொல்லுங்கள். எழுத்து வடிவம் அதற்குப் பிறகுதான்.

ஜெர்மனி போய்ச் சேர்ந்த பழைய மாணவிகளையும் பேசச் சொல்லுங்கள். முதல் வாரம், வீடு தேடியது, உள்ளூர் பேச்சு வழக்கு, எதுவானாலும் சரி. ஆனால் வார்டில் போனை ஆன் செய்து பதிவு செய்து அனுப்பும்படி யாரையும் கேட்டுவிடாதீர்கள். சம்மதம் இல்லாமல் ஒருவர் தனிப்பட்ட முறையில் பேசுவதைப் பதிவு செய்வது ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி குற்றம். நோயாளியின் ரகசியத்தை வெளியிடுவது 203-ஆம் பிரிவின்படி குற்றம். ஒரு பாட்காஸ்ட்டுக்காக அந்தப் பெண்ணின் வேலை போகக் கூடாது. பாடப்புத்தக சிடியில் இருப்பதை எடுத்து உங்கள் பெயரில் ஏற்றுவதும் வேண்டாம்.

தயவுசெய்து இதை விளம்பரமாக்கிவிடாதீர்கள். நாலு நிமிடப் பதிவில் முதல் ஒரு நிமிடம் 'நூறு சதவீத பிளேஸ்மென்ட்' என்று ஓடினால் அதோடு மூடிவிடுவார்கள். வாரம் இரண்டு மணி நேரச் சம்பளம் கையைக் கடிக்கும் என்று தோன்றினால், ஒரு தரம் செய்த பதிவு அடுத்தடுத்த பேட்ச்சுக்கும் உதவும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பேட்ச்சில் எண்களிலிருந்து ஆரம்பியுங்கள். ஒவ்வொரு பதிவிலும் ஆசிரியரின் பெயர் வரட்டும். அவர் வேலையை விட்டுப் போனாலும் அந்தப் பெயரை வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு ஜெர்மன் ஆசிரியை