ஒன்றுக்கு மூன்றாகச் சூடு தருமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

சுங்கை சிப்புட் இரவுச் சந்தையில் சென்ற வாரம் ஒருவர் தண்ணீர் சூடாக்கும் பெட்டி விற்றார். 1 யூனிட் மின்சாரத்துக்கு 3 யூனிட் சூடாம். விலை 900 வெள்ளி. வாளியில் ஆவி பறந்ததைப் பார்த்ததும் எங்கள் பழைய லயத்து அக்கா பர்ஸைத் திறந்துவிட்டார்.

ஆவி பறந்தால் போதுமா? 1 லிட்டர் தண்ணீரில் 1 டிகிரி ஏற்ற ஏறக்குறைய 4.2 கிலோஜூல் வேண்டும். வாளியில் எத்தனை லிட்டர், எத்தனை டிகிரி ஏறியது, மீட்டர் எவ்வளவு ஓடியது என்று கேட்டேன். "அதெல்லாம் கம்பெனி ரகசியம், அண்ணே" என்றார்.

ஹீட் பம்ப் 3 மடங்கு சூடு தருவது உண்மைதான். அது வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை இழுத்துத் தள்ளுகிறது, புதிதாக உண்டாக்குவதில்லை. இந்தப் பெட்டியைத் திறந்தால் ஒரு கம்பிச்சுருள், ஒரு காந்தம், அவ்வளவுதான்.

1989இல் அமெரிக்காவின் யூட்டாவில் பிளைஷ்மேன், பொன்ஸ் இருவரும் மேசைமேலேயே அணு இணைவு (அணுக்கருக்கள் ஒன்றுசேர்ந்து சூடு தருவது) நடந்து, கொடுத்த மின்சாரத்தைவிட அதிகச் சூடு வந்ததாக அறிவித்தார்கள். மற்ற ஆய்வுக்கூடங்கள் செய்து பார்த்தபோது அந்தச் சூடு நம்பும்படி வரவில்லை. அவர்களாவது வேதியியல் படித்தவர்கள்.

அக்கா 100 வெள்ளி முன்பணம் கட்டிவிட்டார். ரசீதில் முகவரி இல்லை.

வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்