கேள்வியையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'பொதுச் சேவைகள் தனியார் கைக்குப் போவதை மக்கள் பெருமளவில் வரவேற்கிறார்கள்' என்று சென்ற இதழில் ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டீர்கள். அந்த மக்களில் நானும் ஒருவன். அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் கருத்துக்கணிப்புக்காக என் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். பாவம், அலைந்து களைத்த பிள்ளை, அவர்மேல் கோபமில்லை. கேள்வி இதுதான்: 'சேவையின் தரம் உயரும், தாமதம் குறையும் என்றால் தனியார் நிர்வாகத்தை ஆதரிப்பீர்களா?' ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள். தரம் உயரும் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? "கட்டணமும் சேர்ந்து உயர்ந்தால்?" என்று கேட்டேன். "அது கேள்வியில இல்லைங்க" என்றார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே 'ஆம்' கட்டத்தில் டிக் விழுந்துவிட்டது.

அரசு அலுவலகத்துக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. தண்ணீர் மீட்டரில் அவர்கள் செய்த தவறைத் திருத்த ஏழு மாதம் நடந்தவன் நான். அப்புறம் பில் போடும் வேலையை ஒரு நிறுவனத்திடம் விட்டார்கள். பில் மட்டும் தேதி தவறாமல் வருகிறது, அதே தவறோடு. முன்பு திட்டுவதற்காவது மேசைக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தார். இப்போது 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' என்கிறது ஒரு குரல். தப்பு நடந்தால் போய்க் கேட்க ஓர் ஆள் இருப்பதைத்தான் நான் தரம் என்பேன். அதற்கு உங்கள் தாளில் கட்டம் இல்லை.

கேள்வி மாறினால் பதிலும் மாறும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. இத்தாலியில் 2011இல் நடந்த பொதுவாக்கெடுப்பில், தண்ணீர்க் கட்டணத்தில் முதலீட்டுக்கான லாபத்தைச் சேர்க்கும் விதியை நீக்கலாமா என்று நேரடியாகவே கேட்டார்கள். வாக்களித்தவர்களில் 95 சதவீதத்துக்கும் மேல் நீக்கச் சொன்னார்கள். நிறைய பேரிடம் கேட்டோம் என்று நீங்கள் சொல்லலாம். 1936இல் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை வாங்கி வைத்துக்கொண்டுதான் அதிபர் தேர்தலில் லாண்டன் ஜெயிப்பார் என்றது. 48 மாநிலங்களில் 46ஐ எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் வென்றார். இரண்டே ஆண்டில் அந்தப் பத்திரிகையே நின்றுபோனது. தங்களுக்கு அப்படியொன்றும் நேராது, கவலை வேண்டாம்.

போன வருடம் பேருந்துச் சேவை பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். 'தங்கள் இதழ் அருமை' என்ற முதல் வரியை மட்டும் போட்டீர்கள். கேட்டதும் உங்கள் விருப்பம், குறித்ததும் உங்கள் விருப்பம் என்று அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

சரி, கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை சதவீதத்துக்குக் கீழே, கேட்ட கேள்வியை அப்படியே போடுங்கள். எத்தனை பேரிடம் கேட்டீர்கள், யார் செலவில் கேட்டீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'தெரியாது' என்று ஒரு கட்டமும் வையுங்கள். என் 'ஆம்' ஒன்றைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகன்