அந்த அறையின் சாவியைத் தாருங்கள்: கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வலயக் கல்வி அதிகாரிகளுக்கும், அவர்களுக்குச் சுற்றுநிருபம் அனுப்பும் மேலதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் கல்வியியற் கல்லூரியொன்றில் மூன்றாம் வருட ஆசிரிய மாணவி. என் பாடம் விஞ்ஞானம். கட்டுறுப் பயிற்சிக்காக, அதாவது பாடசாலையில் படிப்பித்துப் பழகும் பயிற்சிக்காக, தினமும் பண்ணைப் பாலத்தைத் தாண்டி யாழ்ப்பாணத் தீவகத்தில் ஒரு பாடசாலைக்குப் போய்வருகிறேன். பாடசாலையின் பெயரை எழுதவில்லை. எழுதினால் விளக்கம் கேட்டுக் கடிதம் அதிபருக்குத்தான் வரும். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் சொல்லப்போகும் அறையும் உங்களுக்குத் தெரியாததல்ல. இப்படி ஓர் அறை பல பாடசாலைகளில் இருக்கிறது: சுவரில் திறன் பலகை (ஸ்மார்ட் போர்ட்), கூரையில் புரொஜெக்டர், யன்னலுக்கு இரும்புக் கம்பி, கதவுக்கு இரண்டு பூட்டு.

அந்தப் பூட்டைப் பற்றித்தான் இந்த மடல்.

தரம் 8 பிள்ளைகளுக்கு நுண்ணங்கிகள் படிப்பிக்க வேண்டியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை உயிருள்ளது என்று பதின்மூன்று வயதுப் பிள்ளையை நம்பவைப்பது லேசான வேலை இல்லை. அதனால் ஒரு கிழமைக்கு முன்பே கேணித் தண்ணீரை ஒரு ஜாம் போத்தலில் எடுத்து, வைக்கோலை நறுக்கிப் போட்டு, விடுதி யன்னலோரம் வைத்தேன். நாலாம் நாள் நாற்றம் தாங்காமல் அறைத்தோழிகள் போத்தலை வெளியே வைக்கச் சொன்னார்கள். ஏழாம் நாள் கல்லூரி ஆய்வுகூடத்தில் ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது, பரமீசியம் என்ற ஒற்றைக்கல உயிர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடின. போன் கமராவைப் பார்வைத்துண்டின் மேல் பிடித்து, கை நடுங்காமல் இருக்க மூச்சையும் பிடித்துக்கொண்டு, நாலு நிமிடம் படமெடுத்தேன். ஒரு பரமீசியம் வைக்கோல் துண்டில் முட்டி, பின்னுக்கு வந்து, திரும்பி, வேறு பக்கம் போவது அதில் தெளிவாக விழுந்திருந்தது. அதைப் பெரிய திரையில் காட்டவேண்டும் என்று ஆசைப்பட்டேன். பாடசாலையின் ஒரே நுணுக்குக்காட்டியின் வில்லையில் பங்கசு பிடித்திருந்ததால் வேறு வழியும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடம். அறை பூட்டியிருந்தது. சாவி அதிபரிடம், அதிபர் வலயத்தில் கூட்டத்தில். நாற்பது நிமிடப் பாடத்தில் ஆறு நிமிடம் சாவி தேடுவதிலேயே போய்விட்டது.

சரி என்று போனைக் கையில் பிடித்துக்கொண்டு மேசை மேசையாகப் போனேன். முப்பத்தொரு பிள்ளைகள். ஆளுக்கு இருபது செக்கன் வரை காட்டியிருப்பேன். கடைசி வாங்கில் யன்னலோரம் இருக்கும் பையனிடம் போனபோது வெயில் நேரே திரையில் அடித்தது. அவன் போனை அப்படியும் இப்படியும் சரித்துப் பார்த்துவிட்டு, "ரீச்சர், எனக்கு என்ர முகந்தான் தெரியுது" என்றான்.

பிறகு கரும்பலகையில் கீறினேன். பரமீசியம் செருப்பு வடிவமானது, அதன் உடலைச் சுற்றிப் பிசிர்கள் இருக்கும், அவற்றின் அசைவால் அது நீந்தும் என்று சொன்னேன். முப்பத்தொரு கொப்பியிலும் முப்பத்தொரு செருப்பு வந்தது. பாடம் முடிந்த பிறகு அதே பையன் வந்து, "உண்மையா இது ஓடுமா ரீச்சர்?" என்று கேட்டான். பத்தடி தள்ளிப் பூட்டிய கதவுக்குப் பின்னால் அதற்கான விடை இருந்தது.

அடுத்த நாள் அதிபரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பொருட்பதிவேட்டை எடுத்து, திறன் பலகை, புரொஜெக்டர், மடிக்கணினி என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே இருந்த தன் கையொப்பத்தைக் காட்டினார். "பிள்ளை, எனக்கு ஓய்வுக்கு இன்னும் ஒண்டரை வருசம் கிடக்கு. இதில ஒண்டு உடைஞ்சா என்ர பென்சன்லதான் கை வைப்பினம்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். அரச சொத்துக்கு நட்டம் வந்தால் பொறுப்பான உத்தியோகத்தரிடம் அறவிடலாம் என்று அரசின் நிதி விதிகளான நிதிப்பிரமாணத்தில் இருக்கிறது. கவனயீனமாக உடைத்தவருக்கு அது சரிதான். ஆனால் பாடம் நடத்தும்போது ஒரு பல்ப் எரிந்துபோனால் அது யாருடைய கவனயீனம்? அந்தக் கேள்விக்கு எழுத்தில் விடை இல்லாததால், பயன்படுத்தாமல் வைத்திருப்பதே பாதுகாப்பு என்று முப்பது வருடம் சேவை செய்த ஒரு மனிதர் முடிவெடுக்கிறார். பூட்டியது அவர் கை. பூட்டவைத்த பயம் உங்களிடமிருந்து வந்தது.

நான் கேட்பது ஒரே ஒரு சுற்றுநிருபம். கற்பித்தலுக்காகப் பயன்படுத்தும்போது பழுதாகும் கருவிக்கு அதிபரோ ஆசிரியரோ பணம் கட்டவேண்டியதில்லை என்றும், சாவி பாடசாலை நேரம் முழுவதும் பாடவேளை ஆசிரியர் எடுக்கக்கூடிய இடத்தில் இருக்கவேண்டும் என்றும் அதில் எழுதுங்கள். புதிய கருவிகள் கேட்கவில்லை. ஏற்கெனவே தந்ததைத் தொட அனுமதி தாருங்கள்.

இரண்டு கிழமை கழித்து மேற்பார்வைக்கு உங்களில் சிலர் வந்தீர்கள். முதல்நாளே அறை திறக்கப்பட்டது. கூட்டித் துடைத்தோம். திறன் பலகையின் ஓரத்தில் தொழிற்சாலையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் அப்போதும் உரிக்கப்படாமல் இருந்தது. எதையாவது போட்டுக் காட்டும்படி என்னிடம் சொன்னார்கள். பென் டிரைவில் இருந்த என் பரமீசியத்தைப் போட்டேன். சுவர் அளவுக்கு அது ஓடத் தொடங்கியதும், அமைதியாக இருக்கச் சொல்லி இருத்தப்பட்ட பிள்ளைகள், "ஓடுது! ஓடுது!" என்று எழும்பிவிட்டார்கள். முட்டித் திரும்பும் இடத்தில் ஒரு பிள்ளை, "கண் இல்லாம எப்பிடித் திரும்புது?" என்று கேட்டாள். இந்த ஒரு கேள்விக்காகத்தான் ஒரு கிழமை அந்த நாற்றத்தைத் தாங்கினேன். அதற்கு நான் பதில் சொல்லத் தொடங்கும்போது நீங்கள் படமெடுத்து முடித்து அடுத்த கட்டடத்துக்குப் போயிருந்தீர்கள். மணி அடித்தது. இரண்டு பூட்டும் போடப்பட்டன. மாலையில் அந்தப் படத்தை முகநூலில் பார்த்தேன். ஐயா, அம்மா, அந்தப் படத்துக்குப் பிறகு அந்த அறை ஒரு நாளும் திறக்கவில்லை.

எழுதத் தொடங்கியதால் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் அலுவலகங்களிலிருந்து வரும் வினாத்தாள்களும் செயலட்டைகளும் பல இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் வருகின்றன. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகச் சிதறிக் கிடக்கிறது. போனில் திறக்கவே வழியில்லை. எந்தக் கணினியிலும் எழுத்துச் சிதறாமல் இருக்க வந்த பொதுக் குறியீடான யூனிகோடில் தமிழ் 1991 இல் சேர்ந்துவிட்டது. நான் பிறப்பதற்கு முன்னால் தீர்ந்த பிரச்சினைக்காக இரவில் இரண்டு மணித்தியாலம் இருந்து ஒரு வினாத்தாளைத் திரும்பத் தட்டச்சுச் செய்கிறேன்.

தமிழில் காணொளி தேடினால் வருவது பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பாடங்கள். நல்ல பாடங்கள், நானே அவற்றிலிருந்து நிறையப் படித்திருக்கிறேன். ஆனால் அங்கே ஆக்ஸிஜன், எங்கள் புத்தகத்தில் ஒட்சிசன். அங்கே ஒளிச்சேர்க்கை, இங்கே ஒளித்தொகுப்பு. அங்கே செல், இங்கே கலம். சாதாரண தரப் பரீட்சையில் எங்கள் சொல்லைத்தான் எழுதவேண்டும். வீட்டில் காணொளி பார்த்துத் தானாகப் படித்துவரும் பிள்ளை, வகுப்பில் இரண்டும் ஒன்றுதானா என்று தயங்கி நிற்கிறது. இந்த மண்ணில் கலைச்சொல்லுக்கு வறுமை இருந்ததில்லை. மானிப்பாயில் அமெரிக்க மிஷனரியான கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்து, அதற்கான நூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய எண்ணிம நூலகம் ஆயிரக்கணக்கான ஈழத்து நூல்களை யாரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்திருக்கிறது. வைத்தியர் ஒருவராலும் தன்னார்வலர்களாலும் முடிந்தது, இத்தனை ஆசிரியர்கள் இருக்கும் ஒரு மாகாணத்தால் முடியாதா? ஒவ்வொரு பாடசாலையிலும் அந்த அறை திறந்திருந்தால், எங்கள் சொற்களில் நாங்களே காணொளி செய்வோம். என் போனில் இருக்கும் நாலு நிமிடம் அப்படி வந்ததுதான்.

திரை இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது நான் மாணவி. வீட்டில் ஒரு போன், அதற்கு நானும் தம்பியும். சிக்னல் கிடைக்கத் தண்ணீர்த் தாங்கியின் ஏணியில் ஏறி இருந்து சூம் வகுப்புக் கேட்டேன். தம்பி நேத்ரா தொலைக்காட்சியில் 'குருகுலம்' என்ற பாட நிகழ்ச்சி பார்த்தான். 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றபோது அதுவும் போனது. கருவியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று அப்போதே படித்துவிட்டேன். அமிலமும் மூலமும் படிப்பிக்க எனக்குத் திறன் பலகை வேண்டாம். செவ்வரத்தம்பூச் சாறும் தேசிக்காயும் அப்பச்சோடாவும் போதும், பிள்ளைகள் தாங்களே ஊற்றி நிறம் மாறுவதைப் பார்ப்பார்கள். நான் பயிற்சி எடுக்கும் பாடசாலையில் ஒரு கணித ஆசிரியை ஒரு நூலையும் இரண்டு ஆணியையும் வைத்து வட்டம் படிப்பிக்கிறார். அதைவிட நல்ல பாடத்தை எந்தத் திரையிலும் நான் பார்த்ததில்லை. கையால் தொடக்கூடியதைக் கையில் கொடுப்பதுதான் முறை. கண்ணுக்கு எட்டாததற்குத்தான் திரை வேண்டும்: கலம் பிரிவது, இதயவால்வு திறந்து மூடுவது, பரமீசியம் திரும்புவது. வருடத்தில் இருபது பாடத்துக்கு அந்த அறை கிடைத்தால் எனக்குப் போதும்.

அடுத்த வருடம் நியமனம் கிடைத்தால் எனக்கும் ஒரு பொருட்பதிவேட்டில் கையொப்பம் வைக்கவேண்டி வரலாம். சம்பளம் சிறியது, வீட்டில் கடன் இருக்கிறது. ஒரு புரொஜெக்டரின் விலையை நினைத்துப் பார்க்கும்போது நானும் இரண்டு பூட்டு வாங்கிவிடுவேனோ என்று பயப்படுகிறேன். அப்படி ஓர் ஆசிரியையாக என்னை ஆக்கிவிடாதீர்கள். ஒரு சுற்றுநிருபம் போதும். அதை எழுத ஒரு தாளுக்கு மேல் வேண்டாம்.

உங்களுக்கு வேலைப்பழு அதிகம் என்று தெரியும். வெற்றிடங்கள், இடமாற்றங்கள், பரீட்சைகள் என்று ஒவ்வொரு நாளும் உங்களைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். இருந்தாலும் தயவுசெய்து வருகிற தவணை தொடங்க முன்னர் அந்தச் சுற்றுநிருபத்தை அனுப்பிவையுங்கள். அதிபர்கள் பயமில்லாமல் சாவியைத் தரட்டும்.

ஒன்றை மட்டும் மேலே சொல்லாமல் விட்டுவிட்டேன். மேற்பார்வை நாளில் அறையில் இருபது கதிரைகள்தான் இருந்தன. அதனால் சப்பாத்தும் சீருடையும் நன்றாக இருந்த இருபது பேரைத் தெரிவுசெய்து கூட்டிப்போனார்கள். மற்றப் பதினொரு பேரும் வகுப்பறையிலேயே இருந்தார்கள். யன்னலோரப் பையன் அவர்களில் ஒருவன். தான் கேட்ட கேள்விக்கு அவனுக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

பணிவுடன்,
கட்டுறுப் பயிற்சியில் இருக்கும் ஓர் ஆசிரிய மாணவி
யாழ்ப்பாணம்