படத்தில் 'தட்டுவாரே' என்ற கோமாளி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த நேபாள மலை நடனங்கள் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். மகர் மக்களைப் பற்றித் தமிழில் நாலு வரி படித்தே வருஷக்கணக்காகிறது என்பதால் முதல் தடவை சந்தோஷமாகவே படித்தேன். இரண்டாம் தடவைதான் படத்துக்குக் கீழே இருந்த வரி கண்ணில் உறுத்தியது. 'மாருனி ஆடும் மகர் பெண்கள்' என்று போட்டிருக்கிறீர்கள். படத்தில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து கஞ்சிரா மாதிரி ஒன்றைத் தட்டுகிறார்கள், நடுவில் இரண்டு பெண்கள் ஆடுகிறார்கள். அது மாருனி இல்லை, கௌரா. கையில் இருக்கும் கருவியின் பெயர் கைஞ்சடி. பெயரிலும் உருவத்திலும் அது நம் கஞ்சிராவுக்குப் பங்காளிதான்.

இதைச் சொல்ல நான் யார் என்று கேட்பீர்கள். ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவன். 1980களின் நடுவில் மூன்று வருஷம் ஒரு கூர்க்கா பட்டாலியனோடு இருந்தேன். நம் ஊரில் கூர்க்கா என்றால் ராத்திரியில் விசில் ஊதிக்கொண்டு போகிறவர். அப்படி ஒரு தனி இனம் கிடையாது. மகர், குருங், ராய், லிம்பு என்று பல மக்கள் அந்த ஒரு பெயருக்குள் அடக்கம். எங்கள் பட்டாலியனில் மகர்களும் குருங்குகளும்தான் அதிகம். நேபாளத்தின் 2021 மக்கள்தொகைக் கணக்குப்படி மகர்கள் 20 லட்சத்துக்கு மேல். அந்த நாட்டில் நூறு பேரில் ஏறத்தாழ 7 பேர்.

அங்கே பெரிய பண்டிகை தசைன். நம் நவராத்திரி நாட்கள்தான். எட்டாம் நாள் ராத்திரி யாரும் தூங்க மாட்டார்கள், விடிய விடிய ஆட்டம். என் முதல் வருஷத்தில், காலையில் ஒரு இளம் சிப்பாய் குதிகாலில் கொப்புளத்தோடு என்னிடம் வந்தான். மருந்து வைத்துக் கட்டி, "ரெண்டு நாளைக்குக் காலை ஊன்றாதே" என்று சொல்லி அனுப்பினேன். ராத்திரி லங்கர், அதாவது சமையல் கொட்டகையில் கூட்டம் நெரிந்தது. நடுவில் புடவை, வளையல், கழுத்து நிறைய பாசிமணி, முக்காடு போட்ட ஒரு பெண் ஆடிக்கொண்டிருந்தாள். முகாமில் ஏது பெண் என்று முழித்தேன். சுழன்று திரும்பும்போது சலங்கைக்குக் கீழே வெள்ளையாக என்னமோ தெரிந்தது. நான் காலையில் கட்டிய அதே பேண்டேஜ்!

மாருனி என்றால் அதுதான். பெண் வேஷம் கட்டி ஆடும் ஆணுக்கே மாருனி என்று பெயர். முகாமில் பெண்கள் இல்லாததால் வந்த ஏற்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். மலைக் கிராமங்களிலும் பழைய வழக்கம் இதுவே. இப்போது சிக்கிமிலும் டார்ஜிலிங்கிலும் பெண்களே ஆடுகிறார்கள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, நன்றாகவே ஆடுகிறார்கள்.

என் வருத்தமெல்லாம் தட்டுவாரேயைப் பற்றித்தான். மாருனிக்கு மூன்று பேர் வேண்டும்: ஆடுகிற மாருனி, மாதல் என்ற மேளம் வாசிப்பவர், கோமாளி. அந்தக் கோமாளிதான் தட்டுவாரே. உங்கள் கட்டுரையில் அவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கட்டுரையாளரைக் குறை சொல்லவில்லை. இப்போது மேடைகளில் ஐந்து நிமிஷத்துக்குச் சுருக்கி ஆடும்போது முதலில் வெட்டுப்படுவது அவர்தான், பார்க்காதவர் எப்படி எழுதுவார்? அன்றைக்கு எங்கள் தட்டுவாரே முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, கிழிந்த கோட்டு போட்டு வந்தார். மாருனி பின்னால் ஓடினார், விழுந்தார், அழுதார். திடீரென்று ஒரு மூங்கில் குச்சியை ஊசி மாதிரி பிடித்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே என் ஹிந்தியில் பேச ஆரம்பித்தார். கொட்டகையே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. அடுத்தது கமாண்டிங் ஆபீசரின் நடை. அவரும் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தார். மறுநாள் காலை அணிவகுப்பில் அதே நடை, ஒருவர் முகத்திலும் அசைவில்லை.

மாதல் வாசித்தவர் நேபாளத்தின் பால்பா பக்கத்து மகர் ஹவில்தார். மாதல் நம் மிருதங்கத்தைவிடச் சின்னது. வாரால் இடுப்பில் கட்டிக்கொண்டு அவரும் கூடவே ஆடுவார். மிருதங்கத்தில் கறுப்புக் கரணை வலந்தலையில் மட்டும்தான் நிரந்தரமாக இருக்கும். மாதலுக்கு இரண்டு பக்கமும் உண்டு. இதை நான் சொல்லப்போய்த்தான் எங்களுக்குள் பழக்கமே வந்தது. அன்று முதல் நான் அவருக்கு 'பாய்', அதாவது தம்பி. அவர் எனக்கு 'தாஜு', அதாவது அண்ணன்.

கௌராவைக் கண்ணால் பார்த்தது ரொம்பப் பிறகு. ஓய்வு பெற்றபின் ஒரு ஜனவரியில் தாஜு கூப்பிட்டார் என்று மனைவியோடு அவர் ஊருக்குப் போனேன். அங்கிருந்து தனஹு மாவட்டத்தில் அவருடைய உறவினர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். மாகே சங்கராந்தி, நம் பொங்கல் சமயம்தான் அது. மகர்களுக்கு அதுவே பெருநாள். வீட்டுப் பெண் பிள்ளைகளையும் உடன்பிறந்த பெண்களையும் உட்காரவைத்து மரியாதை செய்கிறார்கள். வேகவைத்த வள்ளிக்கிழங்கு கொடுத்தார்கள். சாயங்காலம் குளிரில் கைஞ்சடித் தோல் தளர்ந்து 'தொப்' என்று கேட்டது. ஆளுக்கொன்றாக எடுத்து அடுப்பருகே காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, மறுபடி காட்டினார்கள். சுருதி ஏறிய பிறகுதான் பாட்டு. ஒரு அடியை ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாட, பெண்கள் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி, முழங்கால் மடித்துத் தாழ்ந்து ஆடினார்கள். மெதுவான ஆட்டம். மாருனியின் துள்ளலை எதிர்பார்த்துப் போன எனக்கு முதல் அரை மணி நேரம் ஒன்றும் பிடிபடவில்லை. என் மனைவிதான், "கையைப் பாருங்க, காலைப் பார்க்காதீங்க" என்றாள். அதன்பிறகு நேரம் போனதே தெரியவில்லை.

மேற்கே ருக்கும், ரோல்பா மலைகளில் காம் மொழி பேசும் மகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஜூன் வாக்கில் பூமிக்குப் பூசை போட்டு, ஊரே சேர்ந்து ஆடும் பூமே வேறு வகை. அதை நான் பார்த்ததில்லை, பார்த்தவர்கள் எழுதட்டும்.

ஆகவே படக்குறிப்பை 'கௌரா' என்று திருத்திப் போடுங்கள். மாருனிக்கு வேறு படம் தேடினால், தட்டுவாரே இருக்கிற படமாகப் பாருங்கள். கண்டுபிடிப்பது சிரமமில்லை. எல்லோரும் கேமராவைப் பார்த்து அழகாக நிற்கும்போது, ஓரத்தில் ஒருவர் மட்டும் கோணல் மாணலாக நின்றுகொண்டிருப்பார்.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவத்தினர் ஒருவர்,
வேலூர் மாவட்டம்.