குளிர்காலத்துக்காரனும் உன் அறையும்

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் செட்வொர்த் போய்விட்டு வந்தோம். இங்கிலாந்தின் க்ளாஸ்டர்ஷயரில், காட்டை ஒட்டிய பள்ளத்தாக்கில், ரோமானியர் காலத்துப் பண்ணை மாளிகை ஒன்று இருக்கிறது. 1864-இல்தான் மண்ணுக்குள் இருந்து வெளியே வந்தது. சுவர்களில் கொஞ்ச உயரம்தான் மிச்சம். தரைகள்தான் அங்கே பார்க்க வேண்டியவை.

சாப்பாட்டு அறைத் தரையின் மூலைகளில் பருவத்துக்கு ஓர் உருவமாகப் பதித்திருக்கிறார்கள். நான்கில் மூன்று தப்பியிருக்கின்றன. நான் அசையாமல் நின்றது குளிர்காலத்துக்காரன் முன்னால். தலையை மூடிய மேலங்கி, ஒரு கையில் வேட்டையாடிய முயல், இன்னொரு கையில் இலையில்லாத கிளை. அத்தனையும் சின்னச் சின்னக் கல்துண்டுகள். வெள்ளை சுண்ணாம்புக்கல், சிவப்பு உடைத்த ஓடு. பஸ் ஸ்டாப்பில் நடுங்கிக்கொண்டு நிற்கிறவர் மாதிரியே இருந்தார், பாவம்.

சில அறைகளில் தரையைக் குட்டித் தூண்கள் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். வெளியே அடுப்பு எரிந்தால் சூடு அடியில் பரவி மேலே வரும். அப்பா அங்கிருந்து நகரவே இல்லை.

அப்புறம் வடக்கு வரிசையில் ஓர் அறையைப் பற்றிச் சொன்னார்கள். அதை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அந்த அறைக்காக எழுப்பிய சுவரின் அடியில் கிடைத்த கரியையும் எலும்பையும் சோதித்ததில், சுவரே கி.பி. 424-க்குப் பிறகு கட்டியது, அப்படியென்றால் அந்த அறையின் கல் பதித்த தரை அதற்கும் பிந்தியது என்று தெரிந்ததாம். 2020-இல் அறிவித்தார்கள். 410 வாக்கிலேயே ரோம் பிரிட்டனைக் கைவிட்டுவிட்டது. படை இல்லை, புதுக் காசு வரத்து இல்லை. அந்த நேரத்தில் யாரோ ஒருவர் ஆள் பிடித்து, கல் உடைத்து, பூவேலையோடு புதுத் தரை போட்டிருக்கிறார். வேலையில் பிழைகள் இருக்கின்றன. கைதேர்ந்தவர்கள் குறைந்துபோயிருப்பார்கள். இருந்தும் போட்டிருக்கிறார்கள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போன வாரம் நீ சொன்னாயே, "வாடகை அறைதானே அம்மா, எத்தனை நாளோ" என்று. எட்டு மாதமாகப் பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்கவில்லை. ஜன்னலில் பழைய துப்பட்டா தொங்குகிறது. திட்டவில்லை, கண்ணு. புது ஊரில் மனசு ஒட்ட நாளாகும், எனக்கும் ஆனது.

சரி, அந்த ஜன்னலின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து அனுப்பு. உனக்குப் பிடித்த மாம்பழ மஞ்சளில் துணி எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா