புன்னைக்காயல்ல இருந்து பாபநாசம் வரைக்கும், கண்டல் செடிக்காக உழைச்ச எல்லாருக்கும் நன்றி

வணக்கம் அண்ணாச்சிமாரே, அக்காமாரே, தம்பி தங்கச்சிங்களே.

தாமிரபரணி கடல்ல சேர்ற புன்னைக்காயல் முகத்துவாரத்துல நாம வச்ச வெண்கண்டல்ங்கிற அலையாத்திச் செடி பாதிக்கு மேல இப்ப இடுப்பு உயரத்துக்கு வந்துட்டு, சுத்தி சேத்துக்குள்ள இருந்து மூச்சு வேரு குச்சி குச்சியா வெளிய வர ஆரம்பிச்சிட்டு. போன வாரம் கடல் தண்ணி வடியுற வத்தம் நேரத்துல போய்ப் பார்த்துட்டு வந்ததுல இருந்து இந்த மடலை எழுதணும்னுதான் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. செடி நட்டது கொஞ்சம் பேருதான். அது பிழைக்கக் காரணமா இருந்தவங்க ஆத்தோட மேல்பக்கம் பாபநாசம் வரைக்கும் இருக்காங்க, அதுல நிறைய பேரு இந்த இடத்தைக் கண்ணால பார்த்தது கூட கிடையாது. அவங்களுக்கும் சேர்த்துதான் சொல்லுதேன்.

முதல்ல புன்னைக்காயல் மீனவ அண்ணாச்சிமாருக்கு. டீசல் விக்கிற விலையில கடலுக்குப் போறதை விட்டுட்டு எங்களை வள்ளத்துல ஏத்தி, எந்த மேட்டுல தண்ணி ஏறும், எங்க ஏறாது, அமாவாசை பௌர்ணமிக்கு மட்டும் ஏறுற இடம் எதுன்னு ஒவ்வொண்ணா கம்பு ஊணிக் காட்டுனீங்க. அதை வச்சுதான் கால்வாய் வெட்டுனோம். நடுவுல ஒரு பெரிய கால்வாய், ரெண்டு பக்கமும் சாய்வா சின்னக் கால்வாய், மீன் முள்ளு மாதிரி, பிச்சாவரம் முத்துப்பேட்டைப் பக்கம் ஏற்கெனவே பலன் குடுத்த முறைதான். செடியைக் கால்வாய்ச் சரிவுல நடுவாக்குல வைக்கணும், மேல வச்சா காஞ்சிரும், அடியில வச்சா மூழ்கிரும். அந்த நடுமட்டம் எதுன்னு சொன்னது நீங்கதான். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுதான் ஆத்துல எட்டாவது, கடைசி அணைக்கட்டு. கோடையில அதைத் தாண்டி வர்ற நல்ல தண்ணி ரொம்பக் கொஞ்சம், அப்போ மேட்டு மண்ணுல உப்பு பூத்துப் போகும், கண்டல் உப்பைத் தாங்குற செடிதான்னாலும் அதுக்கும் ஒரு அளவு இருக்குல்லா. கடல் தண்ணி ஏறி இறங்கி அந்த உப்பைக் கழுவ வழி வேணும், அந்த வழிதான் இந்தக் கால்வாய்.

நாத்தங்கால் அக்காமாரை எப்படிச் சொல்ல! மழைக்காலத்தை ஒட்டி விழுற காயைப் பொறுக்கி, புழு அரிச்சதைக் கழிச்சுத் தள்ளி, ஊற வச்சு தோலை உரிச்சு, சேத்து மண்ணு நிரப்பின பையில ஒவ்வொரு விதையா அழுத்தி வச்சீங்க. முழங்கால் சேத்துல நின்னுக்கிட்டு, நாத்து மேல சுத்துற பாசியை விரலால வழிச்சு எடுத்து, தண்டுல சிப்பி மாதிரி ஒட்டுற கொட்டலசை செடி காயம் படாம நகத்தால பேத்து எடுத்ததை நான் பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன். ஒரு அக்கா அந்த இலையைப் பறிச்சு என் கையில குடுத்து, நாக்குல வச்சுப் பாருன்னாங்க, சுள்ளுன்னு உப்பு! குடிச்ச உப்பை இலை வழியா வெளிய தள்ளுற செடின்னு எனக்குப் பாடம் எடுத்தது அவங்கதான்.

அப்புறம் 2023 டிசம்பர். 17, 18 தேதிகள்ல பெஞ்ச மழை யாருக்கும் மறந்திருக்காது, காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட கொட்டிச்சு. ஆறு வடிஞ்ச பிறகு போய்ப் பார்த்தா கால்வாய் முழுக்க அமலைச் செடி (ஆகாயத்தாமரை), பாலித்தீன், தெர்மாகோல், வாழைத்தாரு, அதைவிட மோசமா சேலையும் வேட்டியும். நனைஞ்ச துணி நாத்தைச் சுத்திக் கட்டிக்கிட்டு அப்படியே சேத்தோட அமுக்கிக் கிடந்துச்சு. இழுத்தா செடியும் சேர்ந்து வரும், அதனால கத்திரிக்கோல் வச்சு வெட்டி வெட்டி எடுத்தோம். அன்னைக்கு ஏரல், ஆத்தூர், முக்காணிப் பக்கத்துல இருந்து வந்தவங்க வீட்டுலயே இன்னும் சேறு கழுவி முடியல, வாழையும் வெத்தலைக்கொடிக்காலும் போன துக்கத்துல இருந்தீங்க. வரச் சொல்லி உங்களைக் கூப்பிட எங்களுக்கு வாய் வரல, நீங்களா வந்தீங்க. இதை எழுதும்போதே கை நடுங்குது.

அந்தத் துணி எங்க இருந்து வந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்லா. பரிகாரம்னு சொல்லி ஆத்துல விட்டுட்டுப் போற துணி படித்துறையில தேங்கி, வெள்ளம் வந்தா அணைக்கட்டையெல்லாம் தாண்டி கடல் வரைக்கும் வருது. பாபநாசத்துல குளிர்ந்த தண்ணிக்குள்ள இறங்கி, பாறை இடுக்குல சிக்குன துணியை மூட்டை மூட்டையா வெளிய எடுக்கிற தூய்மைப் பணியாளர் அக்காமாரே, அண்ணாச்சிமாரே, நீங்க அங்க எடுக்கிற ஒவ்வொரு மூட்டையும் இங்க ஒரு வரிசை நாத்தைக் காப்பாத்துது. திருநெல்வேலியில குறுக்குத்துறை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஞாயித்துக்கிழமை தூக்கத்தை விட்டுட்டு கரையைச் சுத்தம் பண்ணின காலேஜ் பிள்ளைகளுக்கும் இதேதான் சொல்லுதேன். சாக்கடைத் தண்ணி நேரா ஆத்துல கலக்குற இடத்தையெல்லாம் போட்டோ எடுத்து, மனு எழுதி, திரும்பத் திரும்ப ஆபீஸ் ஏறி இறங்குன வக்கீல் சாருக்கும் நன்றி. அது இன்னும் முழுசா நிக்கல, ஆனா நீங்க விடலங்கிறதே எங்களுக்குப் பெரிய தெம்பு.

வனத்துறை காவலர் அண்ணன்மாரு, வேலி போட்டதோட நிக்காம வெள்ளம் ஏறுற ராத்திரியிலயும் வந்து பார்த்தீங்க. ஆடு மேய்க்கிற பெரியவங்க, கண்டல் இலைன்னா ஆட்டுக்கு உசுருன்னு தெரிஞ்சும் மந்தையைச் சுத்தி ஓட்டிட்டுப் போனீங்க, உங்களுக்கு அது எவ்வளவு தூரம் கூடுதல் நடைன்னு எங்களுக்குத் தெரியும். டிபன் குடுத்த பங்கு வீட்டுக்கும் ஃபாதருக்கும், மண்வெட்டி கடப்பாரை குடுத்த உப்பளத்துக்காரங்களுக்கும் நன்றி.

இப்போ செடி வேருக்குள்ள இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் ஒதுங்க ஆரம்பிச்சிருக்கு, நண்டு வளை நிறைய தெரியுது. மன்னார் வளைகுடாவுக்குள்ள போய்ப் பெருசாகிற மீன் பலதுக்கு சின்ன வயசுல இந்த மாதிரி இடம்தான் அடைக்கலம், அதைப் புன்னைக்காயல்காரங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல.

பாபநாசத்து அக்காமாரே, நீங்க ஒரு தடவை இங்க வரணும். வத்தம் பார்த்து நாள் சொல்லுதோம், வேன் நாங்க அனுப்புதோம், மதியச் சாப்பாடு புன்னைக்காயல்ல மீன் குழம்பு, வள்ளத்துக்கு ஆளு இப்பவே சொல்லி வச்சாச்சு. தோதான தேதியை மட்டும் சொல்லுங்க.