அந்த இரண்டு மணி நேரத்தைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுங்கள்

எங்கள் வட்டாரத் தமிழ்ச் சங்கத்தின் தலைவர், செயலாளர், செயற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஞாயிறு மாலை நான்கு முதல் ஆறு வரை சங்கத்தின் மாடி ஹாலில் பிள்ளைகளுக்கு நான் நடத்திவந்த கதை விளையாட்டை நிறுத்திவிட்டு, அதே நேரத்தில் கட்டுரைப் பயிற்சி வகுப்பு நடத்துவது என்று போன மாதம் முடிவு செய்தீர்கள். நீங்கள் சொன்ன காரணங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. சத்தம் அதிகம். ஒழுங்கு இல்லை. பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறேன். மூன்று வருடமாகியும் ஒரு பிள்ளைகூட பரிசு வாங்கவில்லை. இவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லலாம். ஆனால் அதற்கு முன்னால், ஜூன் கடைசியில் நடந்த ஆண்டு விழாக் கதைப் போட்டியில் ஒரு விடைத்தாளுக்கு என்ன ஆனது என்பதை நீங்கள் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

அந்தப் பிள்ளையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். தாராவியில் நம்மில் பல பேருடைய அப்பாக்களைப் போல அவள் அப்பாவும் இட்லி வியாபாரம்தான். விடிகாலையில் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டி, ரப்பர் ஹாரனைப் பாம் பாம் என்று அமுக்கிக்கொண்டே மாட்டுங்கா, வடாலா பக்கம் போகிறவர். மகள் எழுதியது அந்த ஹாரனைப் பற்றித்தான். மழையில் நனைந்த ஹாரனுக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது. அப்பா அமுக்குகிறார், வெறும் காற்றுதான் வருகிறது. சத்தம் கேட்காததால் எந்த பில்டிங்கிலும் யாரும் இறங்கி வரவில்லை. ஏழாவது பில்டிங்கில் ஒரு பாட்டி சட்னி வாசனையை மோப்பம் பிடித்து ஜன்னலைத் திறக்கிறாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, இஞ்சி தட்டிப் போட்ட டீயை எடுத்துவந்து ஹாரன் வாயில் ஊற்றுகிறாள். ஹாரன் ஒரு தும்மல் போடுகிறது. அந்தத் தும்மலில் தெருவே விழித்துக்கொள்கிறது. 'அன்னைக்கு அப்பா காலி பாத்திரத்தோட வீட்டுக்கு வந்தாங்க' என்று கதை முடிகிறது.

அந்தக் கடைசி வரியைப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. இட்லி விற்றுத் தீர்ந்த நாள் என்றால் அந்த வீட்டில் என்ன நாள் என்று நமக்குத் தெரியாதா? பத்து வயதுப் பிள்ளை அதை ஒரே வரியில் எழுதியிருக்கிறாள்.

தாளில் பதினேழு சிவப்பு வட்டங்கள் இருந்தன. எண்ணிப் பார்த்தேன். ஹாரன், பில்டிங், டீ, அன்னைக்கு, காலி, எல்லாவற்றையும் சுற்றி வட்டம். கீழே மூன்று குறிப்பு: 'பிறமொழிக் கலப்பு. நீதி இல்லை. நடக்க முடியாத நிகழ்ச்சி.' மதிப்பெண் போடும் இடத்தில் ஒரு கோடு.

முதல் பரிசு வாங்கிய பையன் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆற்றில் கோடரியைத் தொலைத்த விறகுவெட்டியின் கதையை எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தான். அதே விறகுவெட்டியை இன்னும் நான்கு பேர் எழுதியிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு அவள் வந்தாள். வழக்கம்போலப் பிஸ்கட் டப்பாவைத் திறந்து வைத்தேன். அதில் என்ன இருக்கும் என்று ஹாலுக்கு வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். குயவர்கள் வாழும் கும்பார்வாடாவிலிருந்து வந்த வாய் உடைந்த அகல்விளக்கு, தோல் பட்டறையில் வெட்டிப்போட்ட துண்டு, பழைய லோக்கல் ரயில் டிக்கெட், ஒற்றைக் கொலுசு, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி. கண்ணை மூடிக்கொண்டு இரண்டை எடுக்க வேண்டும். இந்த இரண்டும் எங்கே சந்தித்துக்கொண்டன என்று எழுத வேண்டும். அவள் கையில் அகலும் சாவியும் வந்தன. முன்னெல்லாம் பொருள் கைக்கு வந்ததும் பென்சில் ஓடும். அன்றைக்கு ஸ்கேலை எடுத்து மார்ஜின் போட்டாள். நடுவில் 'முன்னுரை' என்று எழுதி அடிக்கோடிட்டாள். அப்புறம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போனேன்.

“அத்தை, நீங்க சொல்லுங்க. நான் எழுதுறேன்.”

“நான் என்னம்மா சொல்லணும்?”

“கரெக்டா இருக்கிறதைச் சொல்லுங்க.”

பெரியவர்களே, ஹாரனைத் தும்மவைத்த பிள்ளை இவள். அவளை இப்படி உட்காரவைக்க நமக்கு ஒரு சிவப்புப் பேனா போதுமாக இருந்தது. அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு இருக்கும் கோபத்தை அடக்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அவளுக்காகவும் மற்றப் பிள்ளைகளுக்காகவும் கேட்கிறேன்: ஞாயிறு மாலை அந்த இரண்டு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

பொய் விஷயத்துக்கு வருகிறேன். 'ஏன் லேட்?' என்று ஒரு விளையாட்டு உண்டு. தாமதமாக வந்த பிள்ளை அதற்கு நடக்கவே முடியாத ஒரு காரணம் சொல்ல வேண்டும். ஆனால் அதில் கட்டாயம் ஒரு வாசனை வேண்டும், ஒரு சத்தம் வேண்டும். கேட்கிறவர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள், மூன்றுக்கும் தடுமாறாமல் பதில் வேண்டும். இதை விளையாடும் பிள்ளைக்கு, தான் சொல்வது கற்பனை என்று நன்றாகத் தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பேசத் தயங்கும் பிள்ளைகள்கூட இதில்தான் முதலில் வாய் திறக்கிறார்கள். பேசி முடித்த சூட்டோடு 'அதையே எழுது' என்றால் எழுதிவிடுகிறார்கள். வெறும் தாளைக் கொடுத்து 'கற்பனையாக எழுது' என்றால் பெரியவர்களான நமக்கே கை வராது.

விளையாடிக்கொண்டே எழுதுவது எங்கிருந்தோ இறக்குமதியான சமாச்சாரமும் இல்லை. தை அமாவாசைக்கு அபிராமி அந்தாதி ஒப்பிக்கவைத்துப் பரிசு கொடுக்கிறோமே, அந்தாதி என்றால் என்ன? ஒரு பாட்டு முடியும் சொல்லில் அடுத்த பாட்டைத் தொடங்குவது. அதைத்தான் நாங்கள் வட்டமாக உட்கார்ந்து விளையாடுகிறோம். ஒருத்தி 'பூனை மாடியேறிப் போய்ப் பார்த்தது நிலா' என்று முடித்தால், அடுத்தவன் 'நிலா' என்று தொடங்க வேண்டும். பிக்னிக் பஸ்ஸில் இந்திப் பாட்டு அந்தாக்ஷரி பாடிப் பழகிய மும்பைப் பிள்ளைகளுக்கு இது இரண்டு நிமிஷத்தில் பிடிபட்டுவிடுகிறது. காளமேகப் புலவர் தகர வரிசை எழுத்துகளை மட்டும் வைத்தே ஒரு பாட்டுப் பாடினார். பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பாவில் சிலேடை வைத்தார். 'க' வரிசையில் தொடங்கும் சொற்களை மட்டும் வைத்து நான்கு வரி எழுதுங்கள் என்று நான் சொன்னால், பிள்ளைகள் அகராதியைப் பிடுங்கிக்கொண்டு தேடுகிறார்கள். ஒழுங்கில்லை என்று நீங்கள் சொன்ன சத்தம் அந்தச் சத்தம்தான்.

பரிசு பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஒரு மழலையர் பள்ளியில் நடந்த ஆய்வு 1973இல் வெளியானது. படம் வரையத் தானாகவே ஆசைப்படும் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் மட்டும், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சான்றிதழும் கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் தாமாக வரைந்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதியாக இருந்தது. ஆசையாகச் செய்துகொண்டிருந்தது சான்றிதழுக்கான வேலையாக மாறிவிட்டது. இதைப் படித்த பிறகுதான் நான் டப்பாக் கதைகளுக்கு மார்க் போடுவதில்லை, முதல், இரண்டாம் இடம் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். எழுதியவர் எழுந்து நின்று படிப்பார், எல்லாரும் கேட்பார்கள். அவ்வளவுதான்.

பிழை திருத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எப்போது திருத்துகிறோம் என்பதில்தான் நமக்குள் வித்தியாசம். முதல் வாரம் எழுதி வாய்விட்டுப் படிப்பார்கள். கதை எங்கே புரியவில்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள். அடுத்த வாரம் திருத்தி எழுதும்போது லகர ளகர ழகரம், ரகர றகரம் எல்லாம் பார்ப்போம். பிறமொழிச் சொல்லும் அப்போதுதான். இந்தப் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். 2020ஆம் ஆண்டு மகாராஷ்டிரச் சட்டப்படி மராத்தியும் கட்டாயம். தெருவில் இந்தி. வீட்டில் நம் திருநெல்வேலித் தமிழ். இத்தனைக்கும் நடுவில் ஒருத்தி ஒரு பக்கம் முழுக்கத் தமிழ் எழுத்தில் எழுதுகிறாள் என்றால், அதில் 'டீ' என்று எழுதியதற்கா வட்டம் போடுவது? வீட்டில் அவள் அம்மா பேசும் தமிழே தப்பு என்றுதான் அந்த வட்டம் அவளுக்குச் சொல்கிறது.

போன ஞாயிறு புதிய வகுப்பை வாசலில் நின்று பார்த்தேன். மழைநீர் சேகரிப்பு பற்றிய கட்டுரையைச் சொல்லச் சொல்ல ஆறு பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். வெளியே மழை கொட்டியது. ஜன்னலோரத்தில் இருந்த பையன் கையை வெளியே நீட்டினான். ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டார்கள்.

தமிழ் அழிகிறது என்று வருடா வருடம் மேடையில் வருத்தப்படுகிறோம். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைகிறார்கள் என்று தீர்மானம் போடுகிறோம். பேனருக்கும் பொன்னாடைக்கும் செலவு செய்ய நாம் யோசிப்பதில்லை. சங்கத்துக் கண்ணாடி அலமாரியில் சிறுவர் கதைப் புத்தகங்கள் இரண்டு தட்டு நிறைய இருக்கின்றன. அவற்றின் சாவி யாரிடம் இருக்கிறது என்று மூன்று வருடமாகக் கேட்கிறேன். பதில் சொன்னவர் இல்லை. புத்தகத்தைப் பிள்ளை கிழித்துவிடும் என்று பயப்படுகிறோம், அதைத் தொடாமலே அவள் வளர்ந்துவிடுவாளே என்ற பயம் ஏன் நமக்கு வரவில்லை? நாற்பது வருடத்துக்கு முன்னால் இதே சங்கத்தின் பழைய ஓட்டுக் கட்டிடத்தில், ஒரு தாத்தா கதையைப் பாதியில் நிறுத்தி “மிச்சத்தை நீ சொல்லு” என்று என்னைக் கேட்டார். நான் இன்றைக்கும் தமிழில் எழுதுகிறேன் என்றால் அவர்தான் காரணம்.

பேச்சு எங்கேயோ போய்விட்டது, மன்னிக்க வேண்டும். நான் கேட்க வந்தது ஒன்றுதான். ஞாயிறு நான்கிலிருந்து ஆறு வரை ஹாலைக் கதை விளையாட்டுக்கே திருப்பிக் கொடுங்கள். கட்டுரை வகுப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றலாம், அதற்கும் வந்து உதவி செய்கிறேன். அடுத்த ஆண்டுப் போட்டியில் பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 'நீதி இருக்க வேண்டும்' என்ற விதியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். செலவு ஒன்றும் இல்லை. தாளும் பென்சிலும் நானே வாங்கிக்கொள்கிறேன். ஹாலைக் கூட்டிவிட்டுத்தான் போவோம்.

மூன்று வாரமாக மாடிப்படியில்தான் விளையாட்டு நடக்கிறது. சாரல் அடித்தால் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேல் படிக்கு ஏறிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளையும் வருகிறாள். இன்னும் எழுதவில்லை, மற்றவர்கள் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். போன வாரம் டப்பாவிலிருந்து அந்தச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டாள். திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

செயலாளர் அண்ணாச்சி, வரும் ஞாயிறும் நான்கு மணிக்குப் படியில் இருப்போம். ஹாலைத் திறந்துவிடச் சொல்லுங்கள்.

பணிவுடன்,
உங்கள் சங்கத்து உறுப்பினர் ஒருத்தி,
தாராவி, மும்பை